தூக்கு, ஊசி, துப்பாக்கி: இதில் எது ‘மனிதத்தன்மை’ உள்ள மரண தண்டனை?

கேள்வி இதுதான்: மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, அதை நிறைவேற்றும் முறையை மட்டும் பார்த்தால், எது கொடூரம், எது மனிதத்தன்மை உள்ளது? தூக்கை விட்டுவிட்டு ஊசிக்கு மாறினால் தூக்கத்தில் போவது போல் போய்விடலாமே?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகிறவரின் உடம்பை வைத்து அளந்தால், பார்க்கக் கோரமாக இருக்கும் முறைகளில்தான் வலி குறைவு. பார்க்க அமைதியாக இருக்கும் முறைகளில் வலி இருந்ததா இல்லையா என்பதே வெளியே தெரியாது. கடந்த இருநூறு ஆண்டுகளில் ‘மனிதத்தன்மை’ என்ற பெயரில் வந்த மாற்றங்களில் பெரும்பகுதி, பார்க்கிறவர்களின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை.

நான் மயக்க மருத்துவர். அந்த ஊசியில் இருக்கும் மருந்துகளோடும் அவற்றின் உறவுக்கார மருந்துகளோடும் புழங்குவதுதான் என் வேலை. அதனால் ஊசியிலிருந்தே தொடங்குகிறேன்.

1977-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் தலைமைப் பிரேதப் பரிசோதகராக இருந்த ஜே சாப்மன் வகுத்துக் கொடுத்த முறை இது. பிணங்களைப் பற்றித் தெரிந்தவர், மயக்கம் கொடுப்பதில் பயிற்சி பெற்றவர் அல்ல. இதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1982 டிசம்பரில் டெக்ஸஸில் சார்லஸ் புரூக்ஸ் என்பவர் இந்த முறையில் முதன்முதலாகக் கொல்லப்பட்டார். பழகிப்போன வடிவத்தில் மூன்று மருந்துகள். முதலில் தயோபென்டல், நினைவை இழக்கச் செய்ய. அடுத்து பான்குரோனியம், தசைகளை முடக்க. கடைசியாகப் பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்த.

வார்டில் பொட்டாசியத்தை நன்றாக நீர்க்கச் செய்து சொட்டுச் சொட்டாக ஏற்றினாலே நோயாளி “கை எரியுது டாக்டர்” என்பார். அதையே அடர்த்தியாக, ஒரே மூச்சில் செலுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மருந்து சரியாக வேலை செய்திருந்தால் அந்த எரிச்சல் தெரியாது. செய்யாவிட்டால்? அங்கேதான் இரண்டாவது மருந்து வருகிறது. பான்குரோனியம் நினைவைத் தொடவே தொடாது. தசையை மட்டும் கட்டிப்போடும். கண்ணிமை, நாக்கு, நெஞ்சு எதுவும் அசையாது. உள்ளே ஆள் முழு நினைவோடு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாலும், வெளியே பார்ப்பவருக்கு அவர் தூங்குவதாகத்தான் தெரியும். அறுவை சிகிச்சைகளில் அபூர்வமாக இப்படி நடப்பதுண்டு. மயக்கம் போதாமல், அசையவும் முடியாமல், டாக்டர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாக நோயாளிகள் பிறகு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் துறையில் நாங்கள் அதிகம் பயப்படும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

கொல்வதற்கு முதல் மருந்தை அதிக அளவில் கொடுத்தாலே போதும். சில மாநிலங்கள் பிற்பாடு அப்படித்தான் ஒற்றை மருந்துக்கு மாறின. பிறகு இரண்டாவது மருந்து எதற்கு? கைதி துடிக்காமல் இருக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாட்சிகள் முகம் சுளிக்காமல் இருக்க. இதைவிட வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. டென்னசி மாநிலத்தில் வீட்டுப் பிராணிகளை வலியில்லாமல் சாகடிக்க இந்த வகை மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதே மாநிலம் மனிதர்களுக்கு அதைப் பயன்படுத்தியது.

2005-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஊசியில் இறந்த 49 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில், 43 பேருக்கு மயக்க மருந்தின் அளவு அறுவை சிகிச்சைக்குத் தேவையானதைவிடக் குறைவு. இறந்து பல மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று மறுப்பும் வந்தது. நியாயமான மறுப்புதான், மருந்து உடம்புக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் சிக்கலே அதுதானே. தசையை முடக்கிவிட்டால், வலித்ததா என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்புறம் ஊசியை யார் குத்துவது? உயிரைக் காப்பாற்றத்தான் மருத்துவம், இதில் கலந்துகொள்ளக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை சொல்கிறது. ஆகவே அந்த வேலை பெரும்பாலும் அரைகுறைப் பயிற்சி பெற்றவர்கள் கையில் போய்விடுகிறது. “நரம்பு கிடைக்கவில்லை” என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டு மூன்று முறை குத்திப் பார்ப்பாரே, அதையே நீட்டிப் பாருங்கள். 2009-ல் ஓஹாயோவில் ரோமெல் புரூம் என்ற கைதிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், சுமார் 18 இடங்களில் குத்தினார்கள். கிடைக்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் அறையில் விட்டுவிட்டார்கள். அவர் 2020-ல் சிறையிலேயே இறந்தார், ஊசியால் அல்ல.

2011 வாக்கில் மருந்துக்கே தட்டுப்பாடு. தயாரித்த நிறுவனம் தயோபென்டலை நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் மிடாசோலம் என்ற மருந்துக்குத் தாவின. அறுவைக்கு முன்னால் நோயாளியின் பதற்றம் தணிய நான் கொடுப்பது அது. வலியைக் குறைக்கும் குணம் அதற்குக் கிடையாது.

2014 ஏப்ரல் 29, ஓக்லஹோமா. கிளேட்டன் லாக்கெட் என்பவரின் கையிலும் காலிலும் கழுத்திலும் தேடிக் கிடைக்காமல், கடைசியில் தொடை இடுக்கில் ஊசியைப் போட்டார்கள். அந்தரங்க இடம் என்பதால் மேலே துணியைப் போர்த்திவிட்டார்கள். மரியாதைக்காகத்தான். ஆனால் துணிக்கு அடியில் ஊசி சரியாக நிற்கவில்லை. மருந்து ரத்தத்துக்குப் போகாமல் சதையில் தேங்கி வீங்கியது யார் கண்ணிலும் படவில்லை. நினைவு போய்விட்டது என்று அறிவித்த பிறகு அவர் தலையைத் தூக்கினார், முனகினார், பேச முயன்றார். உடனே அதிகாரிகள் செய்த வேலை, சாட்சிகளுக்கும் அவருக்கும் இடையே இருந்த திரையை இழுத்து மூடியது. மருந்து ஏற்றத் தொடங்கி 43 நிமிடம் கழித்து உயிர் போனது. மனிதத்தன்மை என்று இவ்வளவு நாளாக நாம் சொல்லிக்கொண்டிருந்தது எது என்பதற்கு அந்தத் திரையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த லாக்கெட் செய்தது என்ன தெரியுமா? 19 வயதுப் பெண் ஒருவரைச் சுட்டு, உயிர் இருக்கும்போதே புதைக்கவைத்தவர். இதைப் படித்ததும் ‘43 நிமிடம் போதாது’ என்று சிலருக்குத் தோன்றும். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி நினைப்பவர் மனிதத்தன்மை உள்ள முறையைத் தேடவில்லை. அவர் கேட்பது பழிக்குப் பழி. அதற்குக் கழுமரம் போதும், மயக்க மருந்து எதற்கு? வலியில்லாத முறை வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டால், எவ்வளவு மோசமான ஆளாக இருந்தாலும் அந்தச் சொல் அவருக்கும் பொருந்த வேண்டும்.

இனி தூக்கு. இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு சாவுகள் இருக்கின்றன. கயிற்றில் தொங்கவிட்டு அல்லது மேலே இழுத்துக் கழுத்தை நெரிப்பது ஒன்று. பழைய லண்டனில் உறவினர்களே ஓடிவந்து காலைப் பிடித்து இழுப்பார்களாம், சீக்கிரம் சாகட்டும் என்று. ஈரானில் கிரேனில் கட்டி மேலே தூக்குகிறார்களே, அதுவும் இந்த வகைதான். இன்னொன்று, சரியான உயரத்திலிருந்து விழவைத்துக் கழுத்தெலும்பை முறிப்பது. 1872-ல் வில்லியம் மார்வுட் என்ற ஆங்கிலேயத் தூக்குப் போடுபவர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இதில் கணக்குதான் எல்லாம். குறைந்த உயரம் என்றால் எலும்பு முறியாது, மூச்சடைத்துச் சாக வேண்டும். அதிக உயரம் என்றால் தலை தனியாக வந்துவிடும். 1885-ல் நாரிச் சிறையில் ராபர்ட் குடேல் என்பவருக்கு அப்படி ஆனது. அதன் பிறகு பிரிட்டன் ஒரு குழு போட்டு எடைக்கேற்ற உயர அட்டவணையே அச்சடித்தது. 1913 அட்டவணையில் 1,000-ஐக் கைதியின் எடையால், அதாவது பவுண்டு கணக்கில், வகுத்தால் விழ வேண்டிய உயரம் அடியில் கிடைக்கும். 150 பவுண்டு, அதாவது 68 கிலோ ஆள் என்றால் ஆறு அடி எட்டு அங்குலம். முதல் நாள் மாலை தூக்குப் போடுபவர் அறைக் கதவின் சிறு துளை வழியாகக் கைதியைப் பார்ப்பார். கழுத்து ஒல்லியா தடிமனா, வயதானவரா என்று கணித்து ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைப்பார். ராத்திரி முழுக்க மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றின் நெகிழ்ச்சியை எடுத்துவிடுவார்கள். 1951-ல் ஆல்பர்ட் பியர்பாயின்ட் ஒருவரை அறையிலிருந்து கூட்டிவந்து காலடியில் இருக்கும் பொறிக்கதவு திறக்கும்வரை ஆன நேரம் ஏழு விநாடி என்று சொல்வார்கள்.

கைதேர்ந்தவர் செய்தால் தூக்கு வேகமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்கடி செய்தால்தான் கை தேரும். பத்து வருடத்துக்கு ஒரு முறை தூக்குப் போடும் நாட்டில் அந்தத் திறமைசாலி எங்கிருந்து வருவார்? 2007 ஜனவரியில் பாக்தாதில் சதாம் உசேனின் சகோதரர் பர்சானைத் தூக்கிலிட்டபோது தலை துண்டானது. அட்டவணை வந்து நூறு வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

ஊசியா தூக்கா என்ற விவாதம் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1949 முதல் 1953 வரை உட்கார்ந்த அரச ஆணையம் ஊசியைப் பரிசீலித்தது. மருத்துவர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள், ஆணையம் தூக்கே இருக்கட்டும் என்றது. இந்தியாவில் தூக்குதான் சட்டம். 1983-ல் தீனா வழக்கில் அது கொடூரமான முறை அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-ல் சட்ட ஆணையம் தன் 187-வது அறிக்கையில் ஊசியையும் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைவிட வலி குறைந்த வழி உண்டா என்று மத்திய அரசைக் கேட்டது.

மின்சார நாற்காலியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதுவும் மனிதத்தன்மை என்ற பெயரில்தான் வந்தது, யோசனையை முன்வைத்தவர் ஒரு பல் டாக்டர். 1890 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கின் ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்ற கைதியை அதில் உட்காரவைத்தார்கள். 17 விநாடி மின்சாரம் பாய்ச்சி, இறந்துவிட்டார் என்றார்கள். பார்த்தால் மூச்சு வருகிறது. மறுபடி ஒரு நிமிடத்துக்கும் மேல் பாய்ச்சினார்கள். கோடரியே மேல் என்று சொன்னவர் மின்சார வியாபாரி வெஸ்டிங்ஹவுஸ். நூறு வருடம் கழித்து, 1990-ல் ஃபுளோரிடாவில், தலைக் கவசத்துக்குள் இயற்கைப் பஞ்சுக்குப் பதில் கடையில் விற்கும் செயற்கைப் பஞ்சை வைத்ததால் கைதியின் தலையில் தீப்பிடித்தது. ஜார்ஜியா, நெப்ராஸ்கா மாநில நீதிமன்றங்களே பிறகு இதைக் கொடூரம் என்று சொல்லிவிட்டன.

வாயுவுக்கு வேறு கதை. 1924-ல் நெவாடாவில் சயனைடு வாயுவில் ஆரம்பித்தது. தூங்கும்போது அறைக்குள்ளேயே விட்டுவிடலாம் என்று முதலில் முயன்றார்கள், வாயு கசிந்தது. பிறகுதான் தனிப் பெட்டி கட்டினார்கள். நூறு வருடம் கழித்து அலபாமா நைட்ரஜனைக் கையில் எடுத்தது. காகிதத்தில் இது நல்ல யோசனை. கரியமில வாயு உடம்பில் சேர்ந்தால்தான் மூச்சு முட்டும். வெறும் நைட்ரஜனை இழுத்தால் கரியமில வாயு வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் மட்டும் தீரும், சில விநாடியில் நினைவு போகும். தொழிற்சாலைத் தொட்டிகளில் தெரியாமல் இறங்கிய தொழிலாளர்கள் பலர் அப்படித்தான் செத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. கைதிக்குத் தெரியும். சாகப்போகிறோம் என்று தெரிந்தவர் மூச்சை அடக்கத்தான் பார்ப்பார். 2024 ஜனவரி 25 அன்று கென்னத் ஸ்மித் முகமூடிக்குள் சில நிமிடங்கள் கட்டிலோடு சேர்ந்து உலுக்கிக்கொண்டார், பிறகும் பல நிமிடம் மூச்சு வாங்கினார். மொத்தம் சுமார் 22 நிமிடம். மறுநாள் மாநில அட்டர்னி ஜெனரல், எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்ததாகச் சொன்னார்.

இப்போது கோரமானவற்றுக்கு வருவோம்.

கில்லட்டின் என்றாலே நமக்குப் பயங்கரம். ஆனால் அதன் பிறப்பே இரக்கத்தில்தான். அதற்கு முன் பிரான்சில் பிரபுவுக்கு வாள், ஏழைக்குக் கயிறு, சிலருக்குச் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்குதல். 1789-ல் ஜோசப் கில்லட்டின் என்ற மருத்துவர், எல்லோருக்கும் ஒரே மாதிரி, வலியில்லாத சாவு வேண்டும் என்று தேசிய சபையில் கேட்டார். முதல் இயந்திரத்தைச் செய்தவர் இசைக்கருவி செய்யும் ஒரு ஜெர்மானியர். 1792 ஏப்ரலில் முதல் தலை விழுந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஏமாந்துபோனது. இவ்வளவுதானா, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதே என்று!

வெட்டிய தலைக்கு நினைவு இருக்குமா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1905-ல் லாங்கில் என்ற கைதியின் வெட்டுண்ட தலையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கண் திறந்து பார்த்ததாக ஒரு பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். நான் அதை முழுவதும் நம்பமாட்டேன். மூளைக்கு ரத்தம் நின்றால் நினைவு தங்குவது சில விநாடிதான். 1940-களில் தன்னார்வலர்களின் கழுத்தில் பட்டையை இறுக்கிச் சோதித்தபோது ஏறக்குறைய பத்து விநாடிக்குள் எல்லோரும் நினைவிழந்தார்கள். வெட்டும்போது ரத்த அழுத்தம் ஒரேயடியாக விழுவதால் அதைவிட வேகமாகவே இருக்கும். பிரான்ஸ் 1977 வரை இதைப் பயன்படுத்தியது, 1981-ல் மரண தண்டனையையே ஒழித்தது.

துப்பாக்கியும் அப்படித்தான். ஆஸ்டின் சாரட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1890 முதல் 2010 வரை அந்நாட்டில் நடந்த மரண தண்டனைகளை எண்ணிப் பார்த்தார். மொத்தத்தில் சுமார் 3 சதவீதம் சொதப்பல். ஊசியில் மட்டும் 7 சதவீதத்துக்கும் மேல், முறைகளிலேயே அதிகம். துப்பாக்கியில் 34-க்கு ஒன்றுகூட இல்லை. 34 என்பது சின்ன எண்ணிக்கை, அதைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் தென் கரோலினாவில் மூன்று பேர் சுட்ட பிறகு உடலில் இரண்டு காயம்தான் இருந்தது, குண்டுகள் இதயத்தின் மையத்தில் படவில்லை என்று கைதியின் வழக்கறிஞர்கள் சொன்னார்கள். சுடுகிறவர் கை நடுங்கினால் கணக்கு மாறிவிடும். ஆனாலும் இதயத்தைக் கிழித்த குண்டைவிட வேகமாக மூளைக்கு ரத்தத்தை நிறுத்தக்கூடிய ஊசி என் பெட்டியில் கிடையாது.

பிறகு ஏன் எல்லா நாடும் இதற்குத் திரும்பவில்லை? ரத்தம் தெறிக்கும். அமெரிக்க நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி 2014-ல் இதை நேராகவே எழுதினார். ஊசி என்பது கொலையை மருத்துவம் போலக் காட்டும் வேஷம், கில்லட்டின்தான் அநேகமாகச் சிறந்தது, துப்பாக்கி அடுத்து. அந்த ரத்தத்தைப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை என்றால் மரண தண்டனையே நிறைவேற்றக் கூடாது என்றார். அவர் மரண தண்டனைக்கு எதிரி அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை பேசியதெல்லாம் கடைசி சில நிமிடங்கள். அதற்கு முந்தைய வருடங்களை எந்த முறையும் தொடுவதில்லை. அமெரிக்காவில் தீர்ப்புக்கும் சாவுக்கும் இடையே 20 வருடம் போவது சாதாரணமாகிவிட்டது. ஜப்பானில் தேதியை முன்கூட்டிச் சொல்வதில்லை, அன்று காலையில்தான் சொல்வார்கள். ஒவ்வொரு நாள் காலையும் வராந்தாவில் கேட்கும் காலடிச் சத்தம் தன் அறை முன்னால் நிற்குமா, தாண்டிப் போகுமா என்று காத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவாவோ ஹகமாடா 1968-ல் தண்டிக்கப்பட்டு, 2014 வரை சிறையில் இருந்தார். மனம் சிதைந்துபோனது. 2024-ல் அவர் குற்றவாளி அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தக் காத்திருப்பே கொடூரம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989-ல் சொன்னது. ஜமைக்காவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1993-ல் அந்நாட்டு வழக்கில் ஐந்து வருடத்தை எல்லையாக வைத்தது. தாமதம் உள்ளிட்ட காரணங்களை ஏற்று இந்திய உச்ச நீதிமன்றமும் 2014-ல் 15 பேரின் தண்டனையைக் குறைத்தது. அவர்களுக்குக் கயிற்றுக்குப் பதில் ஊசி என்று சொல்லியிருந்தால் அந்த வருடங்களில் எது மாறியிருக்கும்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு தீர்ப்பில், வலியில்லாத சாவுக்கு அரசியல் சட்டம் உத்தரவாதம் தரவில்லை என்றது. முறை கொடூரமானது என்று வழக்குப் போடும் கைதி, தன்னைக் கொல்ல இதைவிட நல்ல வழி ஒன்றையும் தானே காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். கென்னத் ஸ்மித் 2022-ல் ஊசியை எதிர்த்தபோது அவர் தரப்பு காட்டிய வழி நைட்ரஜன். அந்த ஆண்டு நவம்பரில் ஊசியைக் குத்திப் பார்த்துத் தோற்றுப்போய் அவரை அறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். 14 மாதம் கழித்து முகமூடியோடு வந்தார்கள்.

2025 மார்ச்சில் தென் கரோலினாவில் பிராட் சிக்மன் என்பவருக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: நாற்காலி, ஊசி, துப்பாக்கி. நாற்காலியில் உயிரோடு வெந்துபோவோமோ என்று பயம். ஊசி மருந்தைப் பற்றி அரசு விவரம் தர மறுத்தது. பதினைந்து அடி தூரத்தில் மூன்று துப்பாக்கிகள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.